புல்வெட்டி ரோபோ வாங்குமுன் அண்ணாந்து பாருங்கள்

கீழ்பென்னாத்தூர் பக்கம் முக்கால் ஏக்கரில் வீடு கட்டியிருக்கிறீர்கள். முன்னால் புல்தரையும் போட்டாயிற்று. புல் வெட்ட ஆளைக் கூப்பிட்டால் நடவுக்குப் போயிருக்கிறார், இல்லையென்றால் மல்லாட்டை பிடுங்கப் போயிருக்கிறார். வெளிநாட்டிலிருக்கும் மகன் ஒரு காணொளி அனுப்பி, “அப்பா, இதை வாங்கிடலாமா?” என்கிறான். அதில் ஆமை மாதிரி ஒரு வண்டி தானே போய்ப் புல்லை வெட்டிவிட்டு, தானே திரும்பி வந்து சார்ஜ் போட்டுக்கொள்கிறது. வாங்கலாமா? சில வீடுகளுக்கு வாங்கலாம். உங்கள் வீடு அதில் ஒன்றா என்று பார்ப்போம்.

முதலில், கம்பியில்லா ரோபோ என்றால் என்ன? பேட்டரியில்தான் ஓடுகிறது, அதில் கம்பி எங்கே வந்தது என்று தோன்றும். இங்கே கம்பி என்பது எல்லைக் கம்பி. ஸ்வீடனின் ஹஸ்க்வர்ணா நிறுவனம் 1995-ல் சூரிய ஒளியில் ஓடும் முதல் புல்வெட்டி ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு வெகுகாலம் இத்தகைய வண்டிகளுக்கு, தோட்டத்தைச் சுற்றி ஒரு மெல்லிய மின்கம்பியைப் புதைத்தாக வேண்டும். கம்பியில் ஓடும் சிறு மின்துடிப்பை உணர்ந்து, “இதுதான் எல்லை” என்று வண்டி திரும்பிவிடும். நம் ஊரில் அந்தக் கம்பி எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் மண்வெட்டி கொத்தும், இன்னொருநாள் பெருச்சாளி கடிக்கும். அறுந்த இடத்தைத் தேடுவதற்குள் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும். கம்பியில்லாதவை வந்தது நமக்கு நல்லதுதான்.

கம்பி இல்லாமல் எல்லை எப்படித் தெரியும்? மூன்று வழிகள் உண்டு. முதலாவது ஆர்.டி.கே. (செயற்கைக்கோள் கணக்கில் வரும் பிழையைத் தரையிலிருந்தே திருத்தும் முறை). உங்கள் கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகும். அந்தத் துல்லியத்தை நம்பிப் புல் வெட்டினால் செம்பருத்தி போய்விடும். அதனால் வீட்டில் ஓரிடத்தில் அசையாத ஆன்டெனா ஒன்றை நடுகிறார்கள். தான் நிற்கும் இடம் அதற்குத் தெரியும். செயற்கைக்கோள் சொல்லும் இடத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வண்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பிழை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும்.

இரண்டாவது கேமரா. புல் எது, நடைபாதை எது என்று படத்தைப் பார்த்துப் பிரிக்கும். மூன்றாவது லைடார் (ஒளிக்கதிரை வீசி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் கருவி). சுவர், தூண், மரம் ஆகியவற்றை அடையாளமாக வைத்துத் தான் நிற்கும் இடத்தைக் கண்டுகொள்ளும்.

இதில் எது உங்களுக்கு? தோட்டத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். கார்த்திகை தீபத்தன்று மொட்டைமாடிக்குப் போனால் மலையுச்சி தெரிகிறது; வாசலில் நின்றால் எதிர்வீட்டுத் தென்னை மறைக்கிறது. ஆர்.டி.கே. ஆன்டெனாவின் கதையும் அதுதான். அதற்கும் வண்டிக்கும் வானம் திறந்திருக்க வேண்டும். மாந்தோப்பு, அடர்ந்த புங்கமரம், பக்கத்திலேயே இரண்டுமாடிச் சுவர், தகரக் கொட்டகை இவையெல்லாம் சமிக்ஞையை மறைக்கும் அல்லது தெறிக்கவிட்டுக் குழப்பும். திறந்த வெளியென்றால் ஆர்.டி.கே. போதும். மரநிழல் அதிகமென்றால் லைடார் உள்ளதைப் பாருங்கள். ஒரு பொட்டல் மைதானத்தில் லைடார் மட்டும் வைத்துக்கொண்டால், அடையாளம் பிடிக்க ஒன்றுமில்லாமல் அது தடுமாறும். பெரிய தோட்டத்தில் பாதி வெளி, பாதி நிழல் என்றுதான் இருக்கும். அங்கே இரண்டு முறைகள் சேர்ந்த மாடல் வேண்டும். விலை கூடினாலும் இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எவ்வளவு பெரிய வண்டி? கடைக்காரர் சதுர மீட்டரில் சொல்வார், நமக்குக் கணக்கு சென்ட்டில். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். உங்கள் 75 சென்ட் மனை 3,000 சதுர மீட்டரைத் தொடும் என்பதால், “3,000-க்கான மாடல்தான் வேண்டும்” என்பார்கள். அவசரப்படாதீர்கள். வீடு, களம், மாட்டுக்கொட்டகை, தென்னைப் பாத்தி, காய்கறித் தோட்டம், கார் நிற்குமிடம் எல்லாவற்றையும் கழியுங்கள். உண்மையான புல்தரை 20 சென்ட் மிஞ்சினால் அது 800 சதுர மீட்டர்தான். அதைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 1,200 சதுர மீட்டருக்கான வண்டி போதும். ஏன் ஒன்றரை? நிறுவனம் சொல்லும் பரப்பு தடையில்லாத தரைக்கானது. நம் வெயிலில் நடுப்பகலில் அதை ஓட்டவும் கூடாது. கிடைக்கும் நேரம் குறைவு.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான சந்தேகத்துக்கு வருவோம். “இடுப்பளவு புல்லும் கோரையும் கிடக்கிறது, அதை வெட்டுமா?” வெட்டாது. இந்த வண்டியின் அடியில் இருப்பவை சவர பிளேடு அளவிலான சின்னக் கத்திகள். வளர்ந்ததை அறுத்துத் தள்ளும் வேலை அவற்றுக்கு ஆகாது. தினமும் நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் புல்லை வளரவிடாமல் வைத்திருப்பதுதான் இதன் வேலை. இதை உணராமல் வாங்கியவர்தான் ஏமாந்தேன் என்பார். புதர் மண்டிய இடத்துக்குத் தோளில் மாட்டும் பெட்ரோல் பிரஷ் கட்டரேதான் சரி. ரோபோ வாங்கினாலும் முதல் வெட்டை அதைக் கொண்டுதான் முடிக்க வேண்டும். ஆகவே, “எந்த ரோபோ?” என்பதற்கு முன் “எனக்கு இருப்பது புல்தரையா, புல் முளைத்த மனையா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் காசை மிச்சப்படுத்துங்கள். நாலு ஆடு இந்த வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்யும், பெருநாளுக்கு விலையும் போகும்.

வெட்டிய புல் மாட்டுக்கு ஆகுமா என்று வீட்டம்மா கேட்பார். ஆகாது. மில்லிமீட்டர் கணக்கில் நறுக்கி அங்கேயே உதிர்த்துவிடும். அது மக்கித் தரைக்கே உரமாகிறது. அள்ளும் வேலை மிச்சம்தான், ஆனால் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கட்டுப் புல்லும் நின்றுவிடும்.

தரை எப்படி இருக்க வேண்டும்? ஜல்லியும் கருங்கல் சில்லும் கிடக்கக் கூடாது. கத்தி மழுங்கும், கல் தெறிக்கவும் செய்யும். தென்னை மட்டை, பனங்கொட்டை, உதிர்ந்த மாங்காய் எல்லாம் அதற்கு மலை. காலையில் ஒருவர் போய்ப் பொறுக்கியாக வேண்டும். சொட்டுநீர்க் குழாய் புல்மேல் கிடந்தால் பாம்பை நறுக்குவதுபோல் நறுக்கிவிடும். புதைத்துவிடுங்கள் அல்லது அந்தப் பகுதியைத் தடைப்பகுதியாகச் செயலியில் குறித்துவிடுங்கள். சரிவு இருந்தால் மாடலின் சதவீதத்தைப் பாருங்கள். 45 சதவீதம் என்றால் நூறு அடி போவதற்குள் 45 அடி ஏறும் மேடு. நம் சமவெளித் தோட்டங்களில் அவ்வளவு இருக்காது. ஆனால் பழைய வரப்பை இடிக்காமல் புல் போட்டிருந்தால் சிறிய சக்கரம் அதில் தொங்கிக்கொண்டு நிற்கும்.

கிணறு இருக்கிறதா? அப்படியானால் இந்தப் பத்தியை இரண்டுமுறை படியுங்கள். வரைபடத்தில் கிணற்றைத் தடைப்பகுதி என்று குறித்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரமும் சுவரும் சேர்ந்து சமிக்ஞையைக் கலைத்தால், வண்டி நினைக்கும் இடமும் நிற்கும் இடமும் வேறாகிவிடும். தரைக் கிணற்றுக்கும் திறந்த தொட்டிக்கும் கைப்பிடிச் சுவர் கட்டாமல் வண்டியை இறக்காதீர்கள். குழந்தைகளுக்காக எப்போதோ கட்டியிருக்க வேண்டியதுதான் அது.

குழந்தை, கோழிக்குஞ்சு, நாய்? தூக்கினாலோ சாய்ந்தாலோ கத்தி உடனே நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். தடையைக் கண்டால் ஒதுங்கவும் செய்யும். ஆனால் புல்லோடு புல்லாகப் படுத்திருக்கும் குஞ்சையும் தவளையையும் எப்போதும் கண்டுகொள்ளும் என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியின் கொலோன் நகரம் முள்ளெலிகள் அடிபடுகின்றன என்பதற்காக, 2024 அக்டோபரிலிருந்து இரவில் இவற்றை ஓட்டத் தடை போட்டது. நம் தோட்டத்திலும் இரவில் ஓட்ட வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், பனி உலர்ந்ததும் எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்துவிட்டு, மாலையில் இன்னொரு நடை விடலாம். மயில் வந்தால் அதுவே பயந்து ஓடும். குரங்கு பயப்படாது. அவசர நிறுத்தப் பொத்தானை அது கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது.

மின்சாரம் எவ்வளவு ஆகும்? பயப்படும் அளவுக்கு இல்லை. 200 வாட்-மணி பேட்டரி ஒருமுறை நிறைய கால் யூனிட்கூட முழுதாக ஆகாது. தினம் இரண்டுமுறை ஏற்றினாலும் மாதம் பதினைந்து யூனிட்டுக்குள் அடங்கும். பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. சித்திரை, வைகாசியில் கோடை இடி வரும். வெட்டவெளியில் உயரமாக நட்ட ஆன்டெனா வீட்டு மின்னிணைப்போடு கோக்கப்பட்டிருக்கிறது. மேகம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

வெயில் இன்னொரு தொல்லை. லித்தியம் பேட்டரி சூட்டில் சார்ஜ் ஏற மறுக்கும், ஏறினாலும் ஆயுள் குறையும். சார்ஜ் நிலையத்துக்கு மேலே ஒரு சின்னக் கூரை வேண்டும். தகரத்தைவிட ஓலை மேல். மழையில் நனைவதைப் பெரும்பாலான வண்டிகள் தாங்கும். தண்ணீரில் மூழ்குவதைத் தாங்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் மாவட்டத்தில் கொட்டியபோது உங்கள் வாசலில் தண்ணீர் எதுவரை நின்றது என்பது நினைவிருக்கும். அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில் மேடை போட்டு நிலையத்தை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டியை ஓட்டவே வேண்டாம். களிமண் சக்கரத்தில் அப்பி, புல்தரையில் தடம் விழுந்துவிடும்.

விலை? அமெரிக்கச் சந்தையில் கம்பியில்லாதவை சுமார் ஆயிரம் டாலரில் தொடங்கி, பெரிய தோட்டத்துக்கானவை மூவாயிரத்தையும் தாண்டும். இங்கே லட்சத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்கு நல்ல பிரஷ் கட்டரும் வாங்கி, பல வருடம் ஆளுக்குக் கூலியும் கொடுக்கலாம். ஆள் கிடைப்பதே பாடு என்பவருக்குத்தான் இந்தக் கணக்கு ரோபோ பக்கம் சாயும்.

“மகன் வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வரட்டுமே?” இதில்தான் பலர் மாட்டுவார்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவர விமான விதி இடம் தராது. பெரிய தோட்ட வண்டியின் பேட்டரி பெரும்பாலும் அதைத் தாண்டும். அடுத்தது அலைவரிசை. ஆன்டெனாவும் வண்டியும் வானொலி அலையில் பேசுகின்றன. இத்தகைய கருவிகளுக்கு உரிமமில்லாமல் பயன்படுத்த இந்தியாவில் விடப்பட்டிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவிலோ 902 முதல் 928 வரை. அங்கே வாங்கியதை இங்கே ஓட்டினால் சட்டச் சிக்கல். போதாததற்கு அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட். அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்ற நாட்டைத் தாண்டினால் செயலி வேலைசெய்யாதபடி பூட்டிவைக்கும் நிறுவனங்களும் உண்டு. இவற்றை நினைத்தால், இந்தியாவிலேயே பில்லோடு வாங்குவதுதான் என் யோசனை.

வாங்குமிடத்தில் என்ன கேட்பது? கத்தி இங்கே கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். பழுதானால் ஆள் கீழ்பென்னாத்தூருக்கு வருவாரா, இல்லை 15 கிலோ வண்டியை நீங்கள் சென்னைக்குச் சுமக்க வேண்டுமா என்பதையும் எழுதி வாங்குங்கள். கைப்பேசி சிக்னல் தோட்டத்தின் கடைக்கோடியில் கிடைக்கிறதா என்று நீங்களே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். திருட்டுப்போனால் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி அந்த சிக்னலை நம்பித்தான் இருக்கிறது.

எப்போது வாங்குவது? மழை முடிந்து தரை இறுகும் தை மாதம் சரியான நேரம். மேடுபள்ளத்தை நிரவி, பிரஷ் கட்டரால் ஒருமுறை ஒட்ட வெட்டிவிட்டு வண்டியை இறக்குங்கள். முதல் இரண்டு வாரம் கூடவே நடங்கள். எங்கே சிக்குகிறது என்று பார்த்து எல்லையைத் திருத்த வேண்டியிருக்கும். கத்திரி வெயிலில் தண்ணீர் விடாத புல் எப்படியும் வளராது. அப்போது பேட்டரியில் பாதி சார்ஜ் வைத்து, வண்டியைக் கழுவித் துடைத்து, எலி வராத அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.