கடிகாரத்தையும் அளக்க வேண்டும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, அறந்தாங்கி வட்டாரத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. இப்படியொரு புயல் எந்த ஊரை எத்தனை மணிக்குக் கடந்தது என்று கணிக்க, தானியங்கி வானிலைக் கருவிகளின் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் புயல் 10 நிமிடத்தில் 3 கிலோமீட்டர் போய்விடும். கருவியின் கடிகாரம் 10 நிமிடம் தவறினால், நம் கணக்கிலும் அவ்வளவு தூரம் தவறும்.

அந்தப் பிழை எப்படி வருகிறது? கருவிக்குள் அரிசி மணியளவு உலோகக் குப்பி ஒன்று இருக்கும். அதனுள் கவட்டை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் 1 வரும். அதுதான் ஒரு நொடி. சாதாரணப் படிகம் 10 லட்சத்தில் 20 பங்கு பிசகக்கூடும். நாளுக்கு 1.7 நொடிதான், ஆனால் ஓராண்டில் 10 நிமிடத்தைத் தாண்டிவிடும்.

வெயிலும் சேர்ந்துகொள்ளும். இந்தப் படிகம் ஒழுங்காக ஓடுவது 25 டிகிரியை ஒட்டித்தான். சித்திரையில் பெட்டிக்குள் 50 டிகிரி ஏறினால், நாளுக்கு மேலும் 1.8 நொடி பின்தங்கும்.

நிரலிலும் பிழை ஒளிந்திருக்கலாம். ‘அளந்துவிட்டு 60 நொடி காத்திரு’ என்று எழுதினால், அளக்கப் பிடிக்கும் நேரம் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். சுற்றுக்கு 0.05 நொடி என்றாலும் ஒரு நாளில் 72 நொடி. ‘ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அள’ என்று எழுதுவதே சரி.

சோதிப்பது எளிது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அணுக்கடிகாரங்களைச் சுமந்து செல்கின்றன. இந்திய நேரத்தைப் பேணும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் இணையத்திலும் நேரம் தருகிறது. இவற்றில் ஒன்றோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அளவீட்டின் நடுவே முள்ளைத் திருப்பக் கூடாது. திருப்பினால் சில நிமிடங்கள் இருமுறை பதிவாகும், அல்லது காணாமல் போகும். பிழையைக் குறித்து வைத்திருந்தால், பிறகு கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

நம் நாட்டில் அன்றாட மழைக்கணக்கு காலை 8.30 மணிக்கு முடிகிறது. மழைமானியைப் பார்க்கும் அதே நேரத்தில், பதிவேட்டில் இன்னொரு கட்டம் போட்டுக் கடிகாரப் பிழையையும் எழுதுங்கள். 8.29-க்குக் கொட்டிய மழை எந்தத் தேதிக்குச் சொந்தம் என்பதை அந்தக் கட்டம்தான் சொல்லும்.