விறாந்தை நாற்று ஏன் நெடுக்கிறது?

மார்கழி மழைக்குப் பயந்து அவரை விதையை விறாந்தைச் சட்டியில் போட்டால், நாற்று நெடுத்து, வெளிறி, சரிந்துவிடும். உரக்குறை அல்ல, வெளிச்சக் குறை.

ஒளி குறைவதை நாற்றின் ஒளியுணர் புரதங்கள் அறிகின்றன. உடனே ஒட்சின் முதலான ஓமோன்கள் தண்டின் கலங்களை நீட்டுகின்றன. விதையின் சேமிப்பையெல்லாம் செலவழித்து வெயிலைத் தேடுகிறது அந்தச் சிறு உயிர். யன்னல்பக்கம் வளைவதும் ஒட்சினால்தான்: நிழல்பக்கத்தில் அது கூடச் சேர்வதால் அப்பக்கம் விரைவாக நீள்கிறது.

சூடு கூடினால் நீட்சியும் கூடும். லண்டனில் டிசம்பர்ப் பகல் ஏறக்குறைய எட்டு மணித்தியாலம்தான். அங்கே ஹீட்டர் அறையில், குறைந்த ஒளியிலும் கூடிய சூட்டிலும் வளரும் நாற்று பாவம். யாழ்ப்பாணத்திலோ மிகக் குறுகிய பகலே ஏறக்குறைய பதினொன்றரை மணித்தியாலம். மழை விட்டதும் சட்டியை முற்றத்தில் வையுங்கள். முதல் சில நாள் காலை வெயில் மட்டும் போதும்.