பலகை போடும் கரணம்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

"கரணம் தப்பினால் மரணம்" என்பது பழமொழி. சந்தை நாள்களில் கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடப்பதையும், அவர் பிள்ளை மண்ணில் குட்டிக்கரணம் அடிப்பதையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அங்கே கரணம் போடுவது மனித உடல். மனிதன் நிமிர்ந்தே இருக்க, அவன் காலடியிலுள்ள பலகை மட்டும் காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மீண்டும் அவன் பாதங்களுக்கு அடியிலேயே வந்து சேரும் வித்தை ஒன்று உண்டு. அதற்குக் கிக்ஃப்ளிப் என்று பெயர். ஜவ்வாது மலையில் பிறந்து வளர்ந்த நான் அதைக் கற்க ஓராண்டு பட்ட பாட்டையும், அதில் அடங்கியுள்ள இயற்பியலையும் நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

பேரிங் வண்டியிலிருந்து...

எங்கள் மலையில் சரிவுகளுக்குப் பஞ்சமில்லை. லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட மூன்று பேரிங்குகள் கிடைத்துவிட்டால் போதும்; ஒரு பலகை, குறுக்கே ஒரு கட்டை, சில ஆணிகள், வண்டி தயார். தார்ச்சாலையில் அது எழுப்பும் கரகரவென்ற ஓசை அடுத்த ஊர்வரை கேட்கும். எனவே கோவளத்தில் உணவு விடுதியொன்றில் வேலை செய்யும் என் அண்ணன், பழைய ஸ்கேட்போர்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தபோது அது எனக்கு அந்நியப் பொருளாகத் தோன்றவில்லை. பேரிங் வண்டியில் பேரிங்கே சக்கரம். இதில் சக்கரத்துக்குள் பேரிங். அவ்வளவுதான் வேறுபாடு என்று எண்ணினேன்.

உண்மையில் வேறுபாடுகள் பல. மேப்பிள் மரத்தின் மெல்லிய ஏடுகள் ஏழை ஒட்டி அழுத்திச் செய்யப்படுவது இப்பலகை. நீளம் ஏறத்தாழ 80 செ.மீ.; அகலம் 20 செ.மீ. மூக்கும் வாலும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். மேற்பரப்பில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான தாள் ஒட்டப்பட்டிருக்கும். அடியில் இரண்டு உலோக அச்சுகள். நான்கு பாலியூரித்தேன் சக்கரங்கள். சக்கரத்துக்கு இரண்டாக எட்டுப் பேரிங்குகள். முற்காலத்தில் இரும்புச் சக்கரங்களும் சுட்ட களிமண் கலவைச் சக்கரங்களும் இருந்தன. சிறு கல் பட்டாலும் அவை நின்றுவிடும். ஏறியவர் மட்டும் முன்னே போவார். 1970-களின் தொடக்கத்தில் வந்த பாலியூரித்தேன் சக்கரமே இவ்விளையாட்டுக்கு மறுவாழ்வு தந்தது.

கையால் தொடாமல் பலகையோடு எழும்பும் முறையை 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து இளைஞர் ஆலன் கெல்ஃபாண்ட் கண்டறிந்தார். அவருடைய செல்லப் பெயரே அதற்கு 'ஆலி' என்ற பெயராயிற்று. அவர் அதைச் செய்தது வளைந்த குழிச்சுவர்களில். அதைச் சமதரைக்குக் கொண்டுவந்து, 1980-களின் தொடக்கத்தில் பலகையைப் புரளவும் வைத்தவர் ராட்னி முல்லன். கிக்ஃப்ளிப் அவர் தந்த கொடை.

அரை விநாடிக்குள் மூன்று செயல்கள்

முதற்செயல், தட்டுதல். பின்கால் பலகையின் வாலை ஓங்கி மிதிக்கிறது. பின்சக்கரங்கள் தாங்குபுள்ளியாக, பலகை நெம்புகோலாகிறது, மூக்கு எழும்புகிறது. வால் 'டக்' என்று தரையில் மோத, தரை திருப்பித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை இவ்வளவு உரக்கக் கேட்கும் இடம் வேறில்லை. அதே கணத்தில் ஆடுபவர் மேலே குதித்துவிட வேண்டும்.

இரண்டாவது, சுண்டுதல். முன்கால் சொரசொரப்பான தாளின்மீது மூக்கை நோக்கி உரசியபடி சென்று, குதிகால் பக்கத்து விளிம்பைக் கால்விரல்களால் சுண்டிவிட்டு விலகுகிறது. கோலிக்குண்டைச் சுண்டுவதுபோன்ற செயலே இது, உதைப்பது அன்று. உதைத்தால் பலகை எட்டிப்போய் விழும். சுண்டினால் இருந்த இடத்திலேயே நீளவாட்டில் சுழலும்.

மூன்றாவது, பிடித்தல். பலகை ஒரு சுற்று முடித்து, மேற்பரப்பு மீண்டும் மேலே வரும் தருணத்தில் இரு பாதங்களும் அதை வாங்கி, அச்சுகள் பொருத்தப்பட்ட இடங்களுக்கு நேர்மேலே அமர வேண்டும். முழங்கால் மடிந்து அதிர்ச்சியை ஏற்க வேண்டும்.

இவற்றுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 30 செ.மீ. உயரம் எழும்புவதாகக் கொள்வோம். நாம் முதலாண்டில் படித்த சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், ஏறுவதற்குக் கால் விநாடி, இறங்குவதற்குக் கால் விநாடி. ஆக மொத்தம் அரை விநாடி!

இவ்வளவு குறுகிய நேரத்தில் பலகை தாறுமாறாகப் புரளாமல் ஒழுங்காகச் சுற்றுவது எப்படி? ஒரு சிறு சோதனை செய்யுங்கள். தடித்த புத்தகம் ஒன்றை ரப்பர் வளையம் போட்டு மூடிக்கொள்ளுங்கள். அதன் முதுகுக்கு இணையான அச்சில் சுழற்றி மேலே எறியுங்கள், சீராகச் சுழலும். மேசைமேல் தட்டுப்போலப் படுக்கையாகச் சுழற்றி எறியுங்கள். அதுவும் சீராகவே சுழலும். தலைப்பக்கம் கால்பக்கமாகக் கவிழும்படி எறிந்தால் மட்டும் இடையில் பக்கவாட்டில் புரண்டு குழப்பும். நிலைமத் திருப்புத்திறன் மிகக் குறைந்த அச்சிலும் மிக அதிகமான அச்சிலும் சுழற்சி நிலையானது; இடைப்பட்ட அச்சில் நிலையற்றது. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் வகுத்த சமன்பாடுகளிலிருந்து வரும் முடிவு இது. கிக்ஃப்ளிப்பில் பலகை சுழல்வது அதன் நீள அச்சில். அதாவது திருப்புத்திறன் மிகக் குறைந்த அச்சில். ஆகவே சிறு சுண்டலே போதும், சுழற்சியும் தடுமாறாது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

இத்தனையும் தெரிந்தும் எனக்குக் கைவரவில்லை. விடுமுறைதோறும் எங்கள் ஊரில் சாமை காய வைக்கும் சிமெண்டுக் களத்தில் பயின்றேன். நூறு முறை, இருநூறு முறை! ஒருநாள் ஒரு கால் பலகைமேலும் ஒரு கால் தரைமேலுமாக இறங்கினேன். பலகை ஓடிற்று, நான் கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் எலும்பு கீறி, ஆறு வாரம் மாவுக்கட்டு. செய்முறைத் தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்தது. வலக்கை கட்டோடு நின்ற என்னைப் பார்த்து அம்மா, "புளி வித்து உன்னைப் படிக்க வெச்சது இதுக்காடா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எலும்பைவிட வலித்தது. பலகையைப் பரணில் போட்டுவிட்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு, விடுதி நண்பன் ஒருவன் தன் கைப்பேசியில் எடுத்துவைத்திருந்த படத்தை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினான். நான் திகைத்துப்போனேன். ஒவ்வொரு முறையும் பலகை முழுச் சுற்றை ஒழுங்காக முடித்திருந்தது! ஆனால் அது முடிக்குமுன்பே என் பின்கால் பலகையை நம்பாமல் தரையைத் தேடிப் போயிருந்தது. பலகை தன் வேலையைச் செய்தது, நான்தான் செய்யவில்லை. பாதுகாப்பென்று எண்ணித் தரையில் வைத்த காலே என்னை வீழ்த்தியது.

யாருக்குரிய விளையாட்டு?

"இதெல்லாம் நகரத்துப் பணக்காரப் பிள்ளைகளுக்கு, மலைப்பையனுக்கு எதற்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குச் சில செய்திகள். மாமல்லபுரத்துச் சிறுமி கமலி வெறுங்காலோடு பலகையில் பாய்ந்த காட்சி உலகையே திரும்பிப் பார்க்கவைத்தது. அவளையும் அவள் தாயையும் பற்றிய 'கமலி' என்ற குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அவ்வாண்டு அப்பிரிவில் வென்ற படமும் காபூல் நகரச் சிறுமிகள் ஸ்கேட்போர்டு கற்பதைப் பற்றியதே!

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்னும் சிற்றூரில் ஜெர்மானியப் பெண்மணி உல்ரிக் ரைன்ஹார்ட் 2015-இல் ஒரு ஸ்கேட் திடல் அமைத்தார். அங்கு விதித்த விதிகள் இரண்டு: பள்ளிக்குப் போகாவிட்டால் பலகை இல்லை, பெண்களுக்கே முதலிடம். அத்திடலில் பயின்ற ஆஷா கோண்ட் என்னும் பழங்குடிப் பெண் 2018-இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, மகளிர் தெருப்பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானிய வீராங்கனைக்கு வயது பதின்மூன்று!

அம்மாவிடம் நானும் ஒரு விதியை ஒப்புக்கொண்டேன். தேர்வு முடியும்வரை பலகை பரணிலேயே இருக்கும். இறங்கும்போது தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் உடன் இறங்கும். செய்முறைத் தேர்வில் தேறினேன். கோடை விடுமுறையில் மீண்டும் களத்துக்குப் போனேன். முதல்நாள் பலகையைச் சுழற்றவே இல்லை. இரு காலும் சேர்த்து இறங்குவதை மட்டுமே பழகினேன். ஒன்பதாம் நாள் மாலை வாலைத் தட்டினேன், விளிம்பைச் சுண்டினேன். இம்முறை தரையைத் தேடவில்லை. 'டொக்' என்ற ஓசையோடு இரு பாதங்களுக்கும் அடியில் பலகை இருந்தது. அழகாக இறங்கினேன் என்று சொல்ல மாட்டேன், கோணலாகத்தான் இறங்கினேன். ஆயினும் நின்றேன்.

களத்தோரம் அமர்ந்திருந்த ஆயா, "அட, போன பலகை திரும்பி வந்துடுச்சே!" என்றார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை, களத்தில் சிதறிக் கிடந்த சிறு கற்களையெல்லாம் யாரோ சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தார்கள்.