செட்டிநாட்டு வீடுகள் ஏன் பூட்டியே கிடக்கின்றன?

காரைக்குடிக்குப் போகிற பலரும் ஆயிரம் ஜன்னல் வீட்டு முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்துக்குவாங்க. அப்படியே கானாடுகாத்தான், பள்ளத்தூர்னு ஒரு ரவுண்டு போனால் தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி வீடுகள். ஆனால், பல வீடுகளில் பூட்டுதான் தொங்குது. 'இவ்ளோ பெரிய வீட்டை ஏன் சும்மா போட்டு வெச்சிருக்காங்க?'னு தோணுதா?

பதில் வீட்டுக்குள்ளேயே இருக்கு. முகப்பைத் தாண்டினால் வளவு. அதன் நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. சமையலும் வரவு செலவும் தனித்தனி. இதை 'வேறு வைத்தல்' என்பார்கள். முகப்பும் வளவும் மட்டும் எல்லோருக்கும் பொது.

பர்மா, இலங்கை, மலேயாவில் நகரத்தார் செய்த வட்டித் தொழிலில் வந்த பணம்தான் பர்மா தேக்காகவும் இத்தாலி மார்பிளாகவும் இங்கே நின்றது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அங்கே போட்ட முதல் பெரும்பாலும் போச்சு. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போனார்கள். பங்கு மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

ஒரு கணக்குப் போடுங்க. தலைமுறைக்கு 4 வாரிசு என்றால், 4 பங்கு பேரன் காலத்தில் 16, கொள்ளுப்பேரன் காலத்தில் 64. ஓடு மாற்றணும்னாலும் இத்தனை பேரும் சம்மதிக்கணும். 'அவன் கொடுக்கட்டும், நான் கொடுக்கறேன்'னு இழுத்தடிக்கும்போதே ரெண்டு மழைக்காலம் போயிடும். கடைசியில் சில வீடுகளைப் பிரித்தே விற்றுவிடுகிறார்கள். தூண், கதவு, கண்ணாடி எல்லாம் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்துசேரும்.

ஆனால், வீட்டைக் காப்பாற்றுவதும் அதே பங்குதான். தனி ஆளாக யாரும் முழு வீட்டையும் விற்றுவிட முடியாது. கல்யாணம், படைப்பு என்றால் பங்காளிகள் திரும்ப வந்து கதவைத் திறக்கிறார்கள். சில வீடுகள் ஹோட்டலாகவும் மாறியிருக்கின்றன.

பிலிப்பைன்ஸின் விகான் நகரிலும் வணிகக் குடும்பங்கள் கட்டிய இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. 1999-லேயே யுனெஸ்கோ பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்த ஊர் அது. அங்கே பல பழைய வீடுகள் இன்று கடை, விடுதி என்று புழக்கத்தில் இருக்கின்றன. செட்டிநாடோ 2014-லிருந்து உத்தேசப் பட்டியலிலேயே காத்திருக்கிறது.

உங்க ஊரிலும் பூட்டிய பூர்வீக வீடு இருக்கா? பங்காளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிங்க. 'யாருக்கு எவ்வளவு பங்கு?' என்ற பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம். மழைக்கு முன்னாடி ஓடு மாற்ற ஆளுக்கு எவ்வளவு என்பதை முதலில் பேசுங்க.