ஒப்புமை ஆளியும் பல்சேர்ப்பியும்

தமிழாசிரியர்க்கு மின்சுற்றில் என்ன வேலையென்று பழைய மாணவ நண்பர்கள் நகைக்கக்கூடும். விஞ்ஞானக் கழகத்துக்குப் பொறுப்பாசிரியர் வாய்க்காத ஒரு தவணையில் அச்சுமை நம் தலையில் வீழ்ந்தது. அப்பொழுது மாணவர் சிலர் மட்டக்களப்பு வாவியின் நீர் வெப்பநிலையை அளக்க முனைந்து, மூங்கிற் கழியொன்றில் மேலிருந்து அடிவரை எட்டு வெப்பத்தடையிகளைக் கட்டினர். அவர்களிடமிருந்த ஆடுயினோ ஊனோ பலகையிலோ ஒப்புமை உள்ளீடுகள் ஆறே. எட்டை ஆறில் அடக்குவது எங்ஙனம்? காத்தான்குடிப் பிரதான வீதியில், வானொலி திருத்தும் கடையொன்றில் வாங்கிய 4051 என்னும் சிறு சில்லு வழிகாட்டியது.

பழைய தொலைபேசி நிலையங்களில் பணியாளர் ஒருவர் இருந்து, கேட்கப்பட்ட இணைப்பைக் கையாற் செருகிக் கொடுப்பார். பேசுவோரின் குரல் உள்ளவாறே மறுமுனை சேரும். ஒப்புமை ஆளி செய்வதும் அதுவே. ஆம், இல்லை என்னும் இரண்டாக மின்னழுத்தத்தைச் சுருக்காது, வந்தவாறே அது கடத்தும், இருதிசையிலும் கடத்தும். 4066 என்னும் சில்லில் இத்தகைய ஆளிகள் நான்கு தனித்தனியே உள. 4051இல் எட்டு ஆளிகளின் ஒருமுனை பொதுவாய் இணைந்திருக்கும். அதனால் அது பல்சேர்ப்பி எனப்படும். எந்த ஆளி மூடவேண்டுமென்பதை மூன்று முகவரிக் கம்பிகள் கூறும். ஒவ்வொன்றுக்கும் இரு நிலைகளாதலின், மூன்றுக்கும் எட்டு நிலைகள். 101 என அமைத்தால் ஐந்தாம் வாயில் திறக்கும். எண்ணிக்கை பூச்சியத்திற் றொடங்குவதை மறவற்க. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1968இல் வெளியிட்ட 4000 வரிசையின் வழிவந்தவை இவை.

ஒவ்வோர் ஆளியுள்ளும் என் வகை, பி வகைத் திரான்சிற்றர்கள் இரண்டு பக்கவழியாய் அமைந்துள்ளன. தாழ்ந்த அழுத்தத்தில் முன்னது நன்கு கடத்தும், உயர்ந்ததில் பின்னது. ஆயினும் மூடிய ஆளி வெறுங்கம்பியாகிவிடாது. 15 வோற்று வழங்கலில் ஏறத்தாழ 125 ஓம் தடையும், 5 வோற்றில் ஏறத்தாழ 470 ஓம் தடையும் எஞ்சிநிற்கும்.

இதனை அறியாமலே நாம் இடர்ப்பட்டோம். கண்ணாடி வெப்பமானியிலும் எம் கருவி ஒரு பாகைக்கு மேல் குறைத்துக் காட்டிற்று. பற்றாசு பிடித்த மாணவனின் கவனக்குறைவே காரணமென்று பிறர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டோம். கடைக்காரரோ சுற்றைப் புரட்டிப் பார்த்து, “பொடியன்மேல பிழையில்ல, சேர். ஆளிக்குள்ள இருக்கிற தடையையும் சேர்த்தெல்லோ அளக்கிறீங்க” என்றார்.

அவர் கூற்று முற்றும் உண்மை. 25 பாகையில் 10,000 ஓம் உள்ள அவ்வெப்பத்தடையி, 30 பாகையில் ஏறத்தாழ 8,000 ஓமாகும். எட்டுக்கும் பொதுவாக ஒரே தடையியை ஆளிக்கு அப்பால் வைத்திருந்தமையால், 470 ஓமும் கணக்கிற் புகுந்தது. தடை மிகின் வெப்பம் குறைந்ததாகவே அக்கருவி கொள்ளும். அத்தொகையைக் கழித்துவிடவும் இயலாது. அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப அது மாறும். எனவே ஒவ்வொரு வெப்பத்தடையிக்கும் தனித்தடையி பூட்டினோம். இப்பொழுது ஆளி வழியே அழுத்தம் மட்டுமே செல்லும். அளக்கும் வாயில் மின்னோட்டத்தைப் பெரும்பாலும் இழுப்பதில்லையாதலின், ஆளியின் தடை வாளாவிருக்கும். வாயில் மாறியதும் முதல் அளவைத் தள்ளிவிட்டு, அடுத்ததை ஏற்குமாறும் செய்தோம்.

அடுத்த சனிக்கிழமை, கடியப்பட்ட அம்மாணவனே கழியை நீரில் இறக்கினான். அவனிடம் நாம் வருத்தம் தெரிவித்தது அதற்கு முன்னாள் மாலையில், பிறர் முன்னிலையிலேயே.