பக்கத்து மேசை பிரிண்டர்

சிறிய அலுவலகங்களில் பிரிண்டர் பெரும்பாலும் ஒன்றுதான். ஏதோ ஒரு மேசையில் இருக்கும் விண்டோஸ் கணினியோடு அது யூஎஸ்பி கம்பியால் இணைந்திருக்கும். மற்ற கணினிகள் நெட்வொர்க் வழியாக அதைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே ஒரு லினக்ஸ் கணினி வந்து சேர்ந்தால், அதில் வேலை செய்பவர் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பக்கத்து மேசைக்கு நடக்கத் தொடங்கிவிடுகிறார். அந்த நடை தேவையே இல்லை. இருந்த இடத்திலிருந்தே லினக்ஸ் அந்தப் பிரிண்டருக்கு அச்சு அனுப்பும். ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவருக்கு, அது எங்கே நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதும் கைவந்துவிடும்.

இதில் இரண்டு மென்பொருள்களுக்குப் பங்கு உண்டு. ஒன்று கப்ஸ். அச்சு வேலைகளை வரிசையில் நிறுத்தி, பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றி அனுப்புவது அதன் பொறுப்பு. மைக்கேல் ஸ்வீட் 1997-இல் எழுதத் தொடங்கி 1999-இல் வெளியிட்டது. ஆப்பிளின் மேக் கணினிகளும் 2002 முதல் இதையே பயன்படுத்துகின்றன. மற்றொன்று சாம்பா. விண்டோஸ் கணினிகள் கோப்பையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ள எஸ்எம்பி என்றொரு நெறிமுறையைக் கையாளுகின்றன. லினக்ஸ் அந்த நெறிமுறையில் பேசுவது சாம்பாவின் தயவால்தான்.

சாம்பா பிறந்த கதையைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை. 1991 டிசம்பரில், கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர், தன் டாஸ் கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் வட்டைத் திறந்து பார்க்க விரும்பினார். அதற்கான நெறிமுறை விளக்கம் கையில் இல்லை. அதனால் கம்பியில் போய்வரும் தரவுப் பொட்டலங்களைப் பிடித்து, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறது என்று கவனித்துக் கவனித்தே ஒரு சர்வரை எழுதிவிட்டார். பின்னாளில் இந்த முறையை அவரே விளக்கினார்: பிரெஞ்சு தெரியாதவர் பிரெஞ்சு உணவகத்தில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் எந்தத் தட்டு வருகிறது என்று பார்த்துப் பார்த்து மொழியைப் பிடித்துக்கொள்வது போன்றது இது. வருடக்கணக்கில் சாம்பா குழுவினர் இப்படித்தான் உழைத்தார்கள். நெறிமுறை விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக 2004-இல் தீர்ப்பளித்தது. 2007-இல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில்தான், 10,000 யூரோ கட்டணத்துக்கு, நெறிமுறை ஆவணங்கள் சாம்பா குழுவின் கைக்கு வந்தன. இன்று நாம் ஒரு பொத்தானை அழுத்தி அச்சு எடுப்பதன் பின்னால் அத்தனை பேரின் பொறுமை இருக்கிறது.

இனி அச்சுக்கு வருவோம். லினக்ஸில் 'பிரிண்ட்' கொடுத்ததும், நாம் எழுதிய ஆவணம் பொதுவாகப் பிடிஎஃப் வடிவில் கப்ஸிடம் போகிறது. கப்ஸின் வடிகட்டிகள் அதைப் பிரிண்டரின் மொழிக்கு மாற்றுகின்றன: சில பிரிண்டர்களுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட், சிலவற்றுக்குப் பிசிஎல், மலிவான லேசர் பிரிண்டர்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் தனி மொழி. மாற்றி முடித்ததை சாம்பா எடுத்துப்போய் விண்டோஸின் வாசலில் கொடுக்கிறது. விண்டோஸ் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வந்ததை வந்தபடியே பிரிண்டருக்குத் தள்ளிவிடுகிறது.

மிக முக்கியமான இடம் இதுதான், பலர் தடுமாறுவதும் இங்கேதான். "விண்டோஸில் டிரைவர் இருக்கிறதே, லினக்ஸில் எதற்கு?" என்று கேட்பார்கள். மொழிமாற்றம் நடப்பது லினக்ஸில் என்பதால் டிரைவரும் லினக்ஸில்தான் வேண்டும். தவறான டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் புரியாத குறிகளைப் பக்கம் பக்கமாகக் கக்கும், அல்லது அசையாமல் நிற்கும். இதில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. எழுத்துருக்கள் லினக்ஸிலேயே பக்கமாக வரையப்பட்டுவிடுவதால், பிரிண்டர் இணைந்திருக்கும் கணினியில் அந்தத் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டிய அவசியமில்லை. கொம்பும் காலும் இடம் மாறாமல், திரையில் பார்த்தபடியே தாளில் வரும்.

நம் ஊர் அலுவலகங்களில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு பிரிண்டர்களை எடுத்துக்கொள்வோம். எச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஒரு விசித்திரம் உண்டு: அதைப் போடும் ஒவ்வொரு முறையும் அதன் உள் மென்பொருளைக் கணினி ஏற்றிவிட வேண்டும். லினக்ஸில் நேரடியாக மாட்டினால் அந்த ஏற்பாட்டை நாம்தான் செய்ய வேண்டும். விண்டோஸ் கணினியில் மாட்டியிருந்தால் அந்த வேலையை விண்டோஸ் டிரைவர் முடித்துவிடும். லினக்ஸிலிருந்து பக்கத்தை மட்டும் அனுப்பினால் போதும். ஆக, இந்த மாடலுக்குப் பகிர்ந்து பயன்படுத்துவதே வசதி.

கேனன் எல்பிபி 2900 நேர் எதிர். அதன் டிரைவர் பிரிண்டரோடு இருவழியாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். விண்டோஸ் பகிர்வில் போவதோ ஒருவழிப் பாதை. அதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. விண்டோஸ் கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளை நிறுவி, லினக்ஸ் அனுப்பும் போஸ்ட்ஸ்கிரிப்டை அது வாங்கி, விண்டோஸ் டிரைவர் வழியாகவே அச்சிடும்படி அமைக்கலாம். கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் வேலை நடக்கும்.

அமைக்கும் முறை சிக்கலானதல்ல. விண்டோஸில் பிரிண்டரின் ஷேரிங் பக்கத்தில் பகிர்வை இயக்கி, இடைவெளி இல்லாத சின்னப் பெயர் ஒன்று கொடுங்கள். லினக்ஸில் சாம்பாவின் கிளையன்ட் தொகுப்பு நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது இல்லையென்றால் விண்டோஸ் பிரிண்டர் என்ற தேர்வே பட்டியலில் தென்படாது. பிறகு பிரிண்டர் அமைப்புப் பக்கத்தில் விண்டோஸ் கணினியின் பெயரையோ ஐபி முகவரியையோ, அதை அடுத்துப் பகிர்வுப் பெயரையும் கொடுத்து, சரியான டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. பெயரைவிட ஐபி முகவரி நம்பகமானது. ஆனால் அந்த முகவரி மாறாதபடி ரவுட்டரில் நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அனுமதி மறுக்கப்பட்டது என்று செய்தி வந்தால் முதலில் பாஸ்வேர்டைப் பாருங்கள். பாஸ்வேர்டே இல்லாத கணக்கு வழியாக நெட்வொர்க்கிலிருந்து நுழைய விண்டோஸ் இயல்பாகவே விடாது. திரையைத் திறக்கப் போடும் பின் எண்ணும் இங்கே செல்லாது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். பிரிண்டருக்கென்றே பாஸ்வேர்டோடு தனிக் கணக்கு ஒன்றை விண்டோஸில் உருவாக்கிவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. சொந்தப் பாஸ்வேர்டைப் பலருக்கும் கொடுக்கும் நிலை வராது. பழைய வழிகாட்டிகளில் எஸ்எம்பியின் முதல் பதிப்பை இயக்கச் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீம்பொருள் உலகெங்கும் பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். இன்றைய சாம்பாவுக்கு அது தேவையும் இல்லை.

புதிதாகப் பிரிண்டர் வாங்குவதாக இருந்தால், வைஃபை அல்லது ஈதர்நெட் வசதியோடு ஐபிபி நெறிமுறையை ஆதரிப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஏர்பிரிண்ட் என்று அட்டையில் போட்டிருந்தாலே பெரும்பாலும் போதும். அப்படிப்பட்ட பிரிண்டரைக் கப்ஸ் தானாகவே கண்டுகொள்ளும். தனி டிரைவரும் வேண்டாம், இடையில் விண்டோஸ் கணினியும் வேண்டாம். ஆனால் நன்றாக ஓடும் 1020-ஐ இதற்காக மாற்ற வேண்டியதில்லை.