வடகோடியில் வறுமைக் கோடு எங்கே?

ஒரு குடும்பம் ஏழைக் குடும்பமா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? மாத வருமானத்தை வைத்து என்று பலரும் சொல்வர். வருமானம் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனால் அது ஏழைக் குடும்பம். மேலே இருந்தால் இல்லை. இதைத்தான் வறுமைக் கோடு என்கிறோம். ஆனால், அந்த வருமானத்தை வைத்துக்கொண்டு அக்குடும்பம் எந்த ஊரில் வாழ வேண்டியிருக்கிறது என்ற கேள்வியைக் கேட்டால், கணக்கு அவ்வளவு எளிதல்ல என்பது புரியும்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கனடாவின் வடகோடி. பணக்கார நாடு என்று பெயரெடுத்த கனடா, 2018ஆம் ஆண்டில்தான் தனது முதல் அதிகாரப்பூர்வ வறுமைக் கோட்டை அறிவித்தது. 2019இல் அதற்குச் சட்ட வடிவமும் கிடைத்தது. ஆனால், நாட்டிலேயே விலைவாசி மிக அதிகமாக உள்ள யூக்கான், வடமேற்குப் பிரதேசம், நுனாவுட் ஆகிய மூன்று வடக்குப் பிரதேசங்களுக்கு அப்போது கோடே போடப்படவில்லை. வறுமை கடுமையாக இருந்த இடத்தில் அளவுகோல் இல்லை!

கூடைக் கணக்கு

வறுமையைச் செலவினத்தைக் கொண்டு அளக்கும் வழக்கம் புதிதல்ல. 1899இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் சீபோம் ரௌன்ட்ரீ வீடு வீடாக ஆய்வு நடத்தினார். உடல் நலம் கெடாமல் உயிர்வாழ ஒரு குடும்பத்துக்கு உணவு, உடை, வாடகை, எரிபொருள் ஆகியவற்றுக்கு எவ்வளவு தேவை என்று கூட்டிப் பார்த்தார். 1960களில் அமெரிக்காவில் மோலி ஓர்ஷான்ஸ்கி இன்னும் சுருக்கமான வழியைக் கண்டார். அக்காலக் குடும்பங்கள் சராசரியாக வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. ஆகவே, சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கினால் அதுவே வறுமைக் கோடு என்றார்.

கனடா எடுத்துக்கொண்ட முறைக்குச் 'சந்தைக் கூடை அளவை' என்று பெயர். ஒரு தாய், ஒரு தந்தை, 9 வயதுப் பெண், 13 வயதுப் பையன் என நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அக்குடும்பத்துக்குத் தேவையான உணவு, உடை, வீடு, போக்குவரத்து, இதர அவசியப் பொருள்கள் ஆகிய ஐந்தையும் ஒரு கூடையில் போடுகிறார்கள். அந்தக் கூடையை அந்தந்த வட்டாரத்தில் வாங்க எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். கூடையை வாங்க முடியாத குடும்பம் ஏழைக் குடும்பம். சாமானியருக்கும் விளங்கக்கூடிய முறைதான். சிக்கல் எங்கே வருகிறது? கூடைக்குள் எதைப் போடுவது என்பதில்தான்.

சாலையே இல்லாத ஊர்கள்

நுனாவுட் 1999ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தனிப் பிரதேசமானது. பரப்பளவு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். மலேசியாவைப் போல ஆறு மடங்கு. மக்கள் தொகையோ 2021 கணக்கெடுப்பின்படி 37,000க்கும் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் இனுயிட் மக்கள். மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. தெற்கிலிருந்தும் சாலை கிடையாது. தலைநகர் இக்காலுயிட்டுக்கும் ஒட்டாவாவுக்கும் இடையே சுமார் 2,000 கிலோமீட்டர்.

ஆகவே, பாலும் பழமும் காய்கறியும் விமானத்தில்தான் வர வேண்டும். அரிசி, மாவு, கட்டுமானப் பொருள்கள் போன்றவை கடல் உறையாத கோடைக் காலத்தில் கப்பலில் வருகின்றன. மின்சாரம் 25 ஊர்களிலும் டீசல் இயந்திரங்களிலிருந்து கிடைக்கிறது. அந்த டீசலும் கப்பலில் வருவதே. நிலத்தடி மண் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பதால் வீடு கட்டுவதற்கும் செலவு அதிகம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கோடையில் கப்பல் வரும்போது ஓராண்டுக்கு வேண்டிய மளிகையை மொத்தமாக வாங்கி வைத்தால் செலவு குறையும். ஆனால், அதற்குக் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். வீட்டில் பொருளை வைக்க இடமும் வேண்டும். பலர் நெருக்கியடித்து வாழும் வீட்டில் இடம் எங்கே? எனவே, வசதி உள்ளவர் மலிவாக வாங்குகிறார். இல்லாதவர் வாரா வாரம் கடையில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார். ஏழைக்குத்தான் எல்லாமே விலை அதிகம்.

சராசரி சொல்லும் பொய்

சரி, வருமானமும் அதிகமாக இருந்தால் சமாளித்துவிடலாமே என்று கேட்கலாம். வடக்கின் சராசரிச் சம்பளத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால், அங்கே வேலை செய்ய வரும் அரசு அதிகாரிகளும் வல்லுநர்களும் பெரும் சம்பளம் வாங்குகிறார்கள். கனடாவின் இனுயிட் தாயகப் பகுதிகள் நான்கையும் சேர்த்துப் பார்த்தால், 2015இல் ஓர் இனுயிட் மனிதரின் இடைநிலை ஆண்டு வருமானம் 23,485 கனடிய டாலர். அதே நிலத்தில் வாழும் பூர்வகுடியல்லாதவருக்கு அது 92,011 டாலர். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் யாருடைய பசியும் அதில் தெரியாது.

விலைவாசிக் குறியீட்டையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஓர் ஊரில் விலை கடந்த ஆண்டைவிட எவ்வளவு ஏறியது என்பதைத்தான் அது சொல்லும். இக்காலுயிட்டில் விலையேற்றம் இந்த ஆண்டு குறைவு என்றால், அங்கே பொருள்கள் மலிவு என்று பொருளாகாது. ஏற்கெனவே உச்சத்தில் இருப்பது மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான்.

வடக்குக்கு ஒரு தனிக் கூடை

இந்தக் காரணங்களால், கனடியப் புள்ளிவிவரத் துறை வடக்குக்கென்று ஒரு தனிச் சந்தைக் கூடையைத் தயாரித்தது. முதலில் யூக்கானுக்கும் வடமேற்குப் பிரதேசத்துக்கும், அடுத்து நுனாவுட்டுக்கும் கணக்கிடப்பட்டது. தெற்கத்திக் கூடையில் உள்ள சாதாரணக் குளிர்கால உடை இங்கே போதாது. கடுங்குளிரைத் தாங்கும் மேலங்கியும் காலணியும் வேண்டும். பேருந்துக் கட்டணத்தைப் போட்டுப் பயனில்லை. பேருந்தே இல்லாத ஊரில் பனிச்சறுக்கு வண்டிதான் போக்குவரத்து.

அளந்து பார்த்தபோது கிடைத்த விடை அதிர்ச்சி தரக்கூடியது. 2021ஆம் ஆண்டில் கனடாவின் பத்து மாநிலங்களில் வறுமை விகிதம் 7.4 விழுக்காடு. நுனாவுட்டில் அது ஏறக்குறைய 40 விழுக்காடு. பத்தில் நான்கு பேர்! இவர்கள் புதிதாக ஏழையானவர்கள் அல்லர். 2007, 2008ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்விலேயே நுனாவுட்டில் பள்ளி வயதை எட்டாத இனுயிட் குழந்தைகளில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் போதிய உணவு உறுதியில்லாத வீடுகளில் வாழ்வது தெரிய வந்தது. 2012இல் லீசி பப்பட்சி என்ற இனுயிட் மாது தொடங்கிய இயக்கத்தில் மக்கள் கடைகளின் முன் நின்று விலைவாசியை எதிர்த்தனர். மக்களுக்குத் தெரிந்திருந்த உண்மை அரசின் ஏட்டில் ஏற இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

மானியம் யாருக்குப் போகிறது?

கோடு சரியாக இருந்தால்தான் உதவியும் சரியான இடத்துக்குப் போகும். 2011 ஏப்ரல் முதல் கனடிய அரசு 'நியூட்ரிஷன் நார்த்' என்ற திட்டத்தின் கீழ் வடக்கில் சத்துணவுக்கு மானியம் தருகிறது. இந்த மானியம் குடும்பங்களின் கைக்குப் போவதில்லை. கடைக்காரர்களுக்கும் விநியோகிப்பாளர்களுக்கும் போகிறது. அவர்கள் அதை விலைக் குறைப்பாக மக்களிடம் சேர்க்க வேண்டும். முழுத் தொகையும் அப்படிச் சேர்கிறதா என்பதை உறுதிப்படுத்த அரசிடம் தகவல் இல்லை என்று 2014இல் கனடாவின் தலைமைக் கணக்காய்வாளர் சுட்டிக்காட்டினார்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இனுயிட் மக்களின் உணவு கடையில் மட்டும் இல்லை. கடல்நாய், கரிபூ மான், ஆர்க்டிக் மீன் ஆகியவற்றை வேட்டையாடி உறவினரோடு பங்கிட்டு உண்பது அவர்கள் மரபு. பங்கிட்ட இறைச்சிக்கு விலைச்சீட்டு இல்லை. ஆகவே அதைக் கூடையில் மதிப்பிடுவது கடினம். அதற்காக அது இலவசம் என்றும் எண்ணிவிடக் கூடாது. பனிச்சறுக்கு வண்டி, பெட்ரோல், தோட்டா எல்லாம் காசுதான். வேலைக்குப் போகாதவரிடம் வண்டி இல்லை; வேலைக்குப் போகிறவரிடம் வேட்டைக்கு நேரமில்லை. 2020ஆம் ஆண்டிலிருந்துதான் வேட்டையாடுவோருக்கென்று தனி நிதியுதவி இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

நமக்கு இதில் என்ன?

அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே உதவித் திட்டங்களுக்குப் பயன்படும் வறுமை அளவு அலாஸ்காவுக்குச் சுமார் 25 விழுக்காடு கூடுதலாக வைக்கப்படுகிறது. ஆனால், ஏழைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் அதிகாரப்பூர்வ வறுமைக் கோடு அலாஸ்காவிலும் புளோரிடாவிலும் ஒன்றே.

நம் நாட்டிலும் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். பழைய கணக்கின்படி 2016இல் மலேசியாவின் வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி. ஏழைக் குடும்பங்கள் வெறும் 0.4 விழுக்காடு. 2020இல் வெளியிடப்பட்ட புதிய கணக்கில் கோடு 2,208 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தப் புதிய முறையில் அதே 2016ஐத் திரும்பக் கணக்கிட்டபோது 7.6 விழுக்காடு என்று வந்தது. குடும்பங்கள் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

வறுமைக் கோட்டைக் கீழே வைத்தால் ஏழைகள் குறைந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளலாம். ஆனால் கோட்டுக்கு வெளியே விடப்பட்ட குடும்பத்துக்கு உதவித் தொகை வராது, மானியம் வராது, பள்ளிப் பிள்ளைக்கு உணவும் வராது. ஆகவே, அடுத்த முறை வறுமை குறைந்துவிட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. கூடையில் என்னென்ன வைத்தார்கள்? அதை எந்த ஊர்க் கடையில் விலை கேட்டார்கள்?